இன்னொருவர் ஒப்புதல்

"ஏங்க, கிளிக்காரர் இன்னிக்குக் கிளினிக்குக்கு நேர்லயே வந்துட்டார்."

"ம்."

"கிளியையும் தூக்கிட்டு. நேத்துலேர்ந்து அதுக்கு ஒரு பருக்கை குடுக்கலையாம். 'கருத்தடை அறுவை சிகிச்சை இருப்பதால் உணவு கொடுக்க வேண்டாம்'னு அவருக்கு மெசேஜ் போயிருக்கு. அது நாய்க்காரருக்குப் போக வேண்டியது."

"பதிவு பண்ணு."

"உங்ககிட்டதானே சொல்லிட்டிருக்கேன்?"

"வாயால சொன்னா மறந்துரும். தளத்துல பதிவு பண்ணு."

சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வீட்டுக்காரர். நடுவில் அவருடைய மடிக்கணினி. அதன் முதுகில் ஒட்டுப்படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்ததில் அசல் நிறம் என்னவென்று இப்போது யாருக்கும் தெரியாது.

"போன மாசமே பதிவு பண்ணினேன். மூடியாச்சுன்னு பதில் வந்துது."

அவர் விரலை ஓட்டித் தேடினார். "மூடத்தான் செய்யும். நான் ஒரு கேள்வி கேட்டிருக்கேன் பாரு. 'எந்தப் பதிப்பு?' நீ பதிலே போடலை. பதில் வராத குறையைத் தளத்துல இருக்கற தானியங்கி தானா மூடிடும்."

"எப்பக் கேட்டீங்க?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

"நான் எங்க இருந்தேன்?"

அவர் யோசித்தார். "இங்கதான். வெங்காயம் நறுக்கிட்டு இருந்தே."

அவள் ஒரு விலங்கு மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி. அங்கே வருகிற எல்லோருக்கும், டாக்டர் உட்பட, அவள் அக்கா. வீட்டுக்காரருக்குப் பகலில் ஓர் அலுவலகம் உண்டு. ஆனால் அவரைக் கேட்டால் தன் வேலை 'வரிசை' என்றுதான் சொல்வார். வரிசை என்பது அவரும் அவளுடைய தம்பியும் சேர்ந்து எழுதிய கட்டற்ற மென்பொருள். யாரை எந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறது என்பதைக் குறித்து வைத்து, முதல் நாளே அவரவருக்குச் செய்தி அனுப்பும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இவ்வளவு தாராளமாகக் கொடுத்தும் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் இடம்தான். அதுவும் அக்கா டாக்டரிடம், "எங்க வீட்டு ஆளுங்க எழுதினது, நல்லா இருக்கும்" என்று வாக்குக் கொடுத்ததால்.

ஆனால் திட்டம் பேர் பெறவில்லை என்று சொல்ல முடியாது. கட்டற்ற மென்பொருள் செய்பவர்களுக்கு எந்தெந்தச் சேவைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். நிரலை வைக்க ஓரிடம், குறைகளைப் பதிய ஓரிடம், மொழிபெயர்க்க, சோதித்துப் பார்க்க, அரட்டையடிக்க, மடலாட, கையேடு எழுத, வாக்கெடுக்க. அந்தப் பக்கத்தை உலகமெங்கும் படித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நன்றி சொன்னார்கள். அதில் இருந்த எல்லாச் சேவையிலும் வரிசைக்கு ஒரு கணக்கு இருந்தது. அரட்டை அறைகள் மட்டும் நான்கு. நான்கிலும் இரண்டே பேர். இப்போது அந்த இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள் அக்கா.

"அதையும் பதிவு..."

"என் வேலை போகப் போகுதுங்க."

அவர் மடிக்கணினியைப் பாதி மூடினார். அந்த வீட்டில் அது பெரிய மரியாதை.

அன்று காலை கிளி வந்த சற்று நேரத்தில் நாயும் வந்திருந்தது. பட்டியலில் அதற்கு அடுத்திருந்த முயலுக்குப் போக வேண்டிய செய்தி நாய்க்காரருக்குப் போயிருந்தது: 'நகம் வெட்டக் கூண்டோடு கொண்டு வரவும்.' கன்றுக்குட்டி அளவு நாய். அவர் எங்கிருந்தோ கூண்டு தேடி, அதற்குள் அதைத் திணித்து, வேன் பிடித்து, நான்கு பேரோடு தூக்கி வந்து வரவேற்பு மேசைக்கு முன்னால் இறக்கினார். "நகத்துக்கு எதுக்குங்க கூண்டு?" என்று கேட்டார். நாயும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது, இன்னும் சத்தமாக.

எல்லாம் அடங்கிய பிறகு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனிக்காரர் வரார். அவங்க புரோகிராமைக் காட்டப் போறார். காசு குடுத்து வாங்கறதுதான். ஆனா இந்த மாதிரி ஆகாதாம்."

"வாங்குங்க டாக்டர். நான் கத்துக்கறேன்."

"அதுல கத்துக்க ஒண்ணும் இல்லையாம் அக்கா. போனைக்கூட அதுவே எடுக்குமாம். பேரு கேட்டு, நேரம் சொல்லி, எல்லாம் அதுவே."

"அப்ப நான்?"

டாக்டர் கையைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே அக்கா."

அவர் சொல்லாததைத்தான் அக்கா வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள்.

விஷயம் முழுவதும் கேட்ட வீட்டுக்காரர் அன்று மாலையே உட்கார்ந்தார். எழுந்தபோது முகத்தில் வெளிச்சம்.

"கண்டுபிடிச்சுட்டேன். நடுவுல ஒருத்தர் வரலைன்னு அழிச்சா, கீழ இருக்கற பேரெல்லாம் ஒரு வரி மேல ஏறுது. போன் நம்பர் ஏற மாட்டேங்குது. அது இருந்த இடத்துலயே நின்னுடுது. ஒரே வரி மாத்தினா போதும். மாத்திட்டேன்."

"அப்ப நாளைக்குச் சரியாயிடுமா?"

"ஒப்புதல் கிடைச்சதும்."

"யார் ஒப்புதல்?"

வீட்டுக்காரர் பின்னறைப் பக்கம் தாடையால் காட்டினார். அங்கே தம்பி இருந்தான்.

வரிசையில் ஒரு விதி உண்டு. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது உள்ளே போகும். நல்ல விதிதான். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். எழுதியவரும் படிக்க வேண்டியவரும் ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவார்கள் என்று விதி எழுதும்போது யாருக்குத் தோன்றும்? எழுதியதும் அவர்கள்தான்.

சண்டை, திட்டம் எந்தத் தளத்தில் குடியிருப்பது என்பதில் வந்தது. இப்போது இருப்பது ஒரு பெரிய நிறுவனத்தின் தளம். இலவசம், வேகம், உலகமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தின் சொந்த நிரலை வெளியே காட்ட மாட்டார்கள். தம்பி அதை விட்டுக் கிளம்பி, தொண்டர்கள் நடத்தும் வேறொரு தளத்தில் வரிசைக்கு இடம் பிடித்திருந்தான்.

அக்கா பின்னறைக் கதவைத் தட்டினாள்.

"டேய், உங்க அத்தான் என்னமோ மாத்தியிருக்காராம். ஒப்புதல் குடுடா."

"பாத்தேன்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பழைய தளத்துல போட்டிருக்கார். புதுசுல போடச் சொல்லு, உடனே குடுக்கறேன்."

"எங்க போட்டா என்னடா? கிளிக்குச் சாப்பாடு கிடைக்கணும், அவ்வளவுதானே."

"என்னக்கா நீ! பூட்டே இல்லாத பொருளைச் செஞ்சு அடுத்தவன் பூட்டிவெச்ச வீட்டுல வெக்கறதா? நாளைக்கு அவன் வெளிய போன்னா எங்க போறது?"

அவள் சமையலறைக்கு வந்து அதைச் சொன்னாள். வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார், பின்னறைக்குக் கேட்கும்படி.

"அவன் பிடிச்ச வீடு எப்படின்னு கேளு! போன வாரம் மூணு தடவை கதவே திறக்கலை. பராமரிப்பாம். நான் அங்க போட்டா, குடி போனதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மாட்டேன்."

இதெல்லாம் வீட்டில். தளத்தில் பேச்சே வேறு. அங்கே நன்னடத்தை விதிகள் இருந்தன, இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தம்பி அன்று அங்கே எழுதியது இது: 'மதிப்பிற்குரிய பங்களிப்பாளரே, தங்கள் மாற்றத்துக்கு மனமார்ந்த நன்றி. தாங்கள் இதனைப் புதிய முகவரியில் சமர்ப்பித்தால் பரிசீலிக்க மகிழ்ச்சியாய் இருக்கும்.' அதற்கு வீட்டுக்காரர்: 'தங்கள் பொறுமைக்கும் வழிகாட்டுதலுக்கும் நன்றி. எனினும்.' எனினும் என்பதோடு நிறுத்தி முற்றுப்புள்ளி வைத்திருந்தார். அதைவிடக் கடுமையாக எழுத விதி இடம் கொடுக்கவில்லை.

"நீங்க சரி பண்ணினதை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நானே கிளினிக்ல போட்டுக்கறேன்," என்றாள் அக்கா.

"கையாலயா?" அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவள் ஏதோ திருடச் சொன்னதுபோல இருந்தது. "அப்படியே போட்டாலும் நிக்காது. அந்தக் கணினி தினம் காலையில தளத்துல நாங்க நிரல் வெச்சிருக்கற களஞ்சியத்துல இருக்கறதைத்தான் தானா எடுத்துக்கும். பழசு வந்து மேல உக்காந்துடும்."

"அப்ப அந்த விதியை எடுத்துடுங்க."

"விதியை மாத்தறதும் ஒரு மாற்றம்தானே? அதுக்கும் இன்னொருத்தர் ஒப்புதல் வேணும்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கையில் மாவு இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மருத்துவமனைக்குக் கிளம்புமுன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னொருத்தர்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராத்தான் இருக்கணுமா?"

"உறுப்பினர் யாரா இருந்தாலும் சரி. ஆனா ரெண்டு பேர்தானே இருக்கோம்."

"மூணாவதா ஒருத்தரைச் சேத்தா?"

"சேக்கலாம். ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அவங்க திட்டத்துக்கு ஏதாவது பங்களிச்சிருக்கணும்."

"குறை சொல்றது பங்களிப்புல சேருமா?"

வீட்டுக்காரர் தானே எழுதிய வழிகாட்டியை மனதில் புரட்டினார். "சேரும். 'குறை சொல்வதும் மதிப்புள்ள பங்களிப்பே'ன்னு எழுதியிருக்கோம்."

"கல்யாணமானதுலேர்ந்து பங்களிச்சிட்டுத்தான் இருக்கேன். என்னைச் சேருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கணக்குப் போட்டார். மூன்று பேர் இருந்தால் தளம் மாறும் விஷயத்தில் வாக்கெடுப்பு வைக்கலாம். இரண்டுக்கு ஒன்று. சொந்தப் பெண்டாட்டி எங்கே போவாள்? "எனக்குச் சம்மதம்," என்றார்.

பின்னறையில் தம்பியும் அதே கணக்கைப் போட்டான். கூடப் பிறந்தவள், இடுப்பில் தூக்கி வளர்த்தவள், எங்கே போவாள்? "தாராளமாச் சேரட்டும்கா," என்றான்.

யார் பக்கம் என்று அவளை இருவருமே கேட்கவில்லை. கேட்காததற்கு அவள் பதிலும் சொல்லவில்லை.

அன்று மாலை கணக்கு திறந்தார்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டும் என்றது. எண் வேண்டும் என்றது. குறியீடு வேண்டும் என்றது. அவள் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்கக் கட்டம் கட்டமாகப் படத்தைக் காட்டி, படிக்கட்டு இருக்கும் கட்டத்தையெல்லாம் தொடச் சொன்னது.

"இதுவரைக்கும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லைடா," என்றாள் தம்பியிடம்.

ஒருவழியாக உள்ளே போனாள். வீட்டுக்காரரின் மாற்றம் திரையில் வந்தது. சிவப்பில் ஒரு வரி, கீழே பச்சையில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு பொத்தான்.

"அழுத்து," என்றார் வீட்டுக்காரர்.

"இருங்க. படிக்கணும்ல?"

"உனக்கு இது புரியாதும்மா."

"புரியலைன்னா கேக்கலாமில்ல? கிளிக்காரர் மெசேஜ் கிளிக்காரருக்குத்தானே போகும்?"

"போகும்."

"நாய்க்காரருக்கு?"

"நாய்க்காரருக்கே போகும்."

"நடுவுல ரெண்டு பேர் வரலைன்னா?"

அவர் திரையைப் பார்த்து, விரலை மடக்கி எண்ணினார். "போகும்," என்றார் கடைசியில், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

அவள் அழுத்தினாள்.

"முடிஞ்சுதா?"

"இனி சோதனை ஓடணும். எங்கயோ ஒரு கணினி, நாம போட்டதை எடுத்து எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லும். கட்டற்ற மென்பொருளுக்கு அது இலவசம்."

"எங்க ஓடுது? காணோமே."

"இலவசம்னா காத்திருக்கணும்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். திரையில் ஒரு மஞ்சள் புள்ளி சுழன்றது. வீட்டுக்காரர் நாற்காலிக்கு இடப்பக்கம், தம்பி வலப்பக்கம், இருவரும் அவள் தலைக்கு மேலாக வேறு வேறு சுவரைப் பார்த்தபடி. புள்ளி சுழன்று சுழன்று சிவப்பானது.

"சிவப்புன்னா?"

"தோத்துடுச்சு," என்றான் தம்பி.

"ஐயோ! ஏன்டா?"

வீட்டுக்காரர் குனிந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது. "இந்தச் சோதனை என்ன கேக்குது தெரியுமா? ஒருத்தரை அழிச்சா, கீழ இருக்கறவங்க போன் நம்பர் அங்கயே நிக்கணும்னு கேக்குது! தப்பா நடந்தாத்தான் பாஸ் போடுமாம். யார் எழுதினது இது?" அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

தம்பி பத்து நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். "நான்தான் எழுதினேன். ஒத்துக்கறேன். அதைப் படிச்சு ஒப்புதல் குடுத்தது யாரு அத்தான்?"

அக்கா திரைப்பக்கம் குனிந்தாள். ஓரத்தில் பெயர் இருந்தது. வீட்டுக்காரரின் பெயர். கூடவே அவர் எழுதிய குறிப்பும்: 'மிக நேர்த்தியான சோதனை. வாழ்த்துகள்.'

"படிச்சீங்களா?" என்றாள் அக்கா.

"அன்னிக்கு... சேவைப் பக்கத்தைப் புதுப்பிச்சிட்டு இருந்தேன்."

"படிக்கலை."

"நீ போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன் மாப்ள," என்றார் அவர், தம்பியிடம்.

அதைக் கேட்டதும் தம்பியின் தோள் கொஞ்சம் இறங்கியது. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "தள்ளு அக்கா. சோதனையைத் திருத்தறேன்."

"பழைய தளத்துலயா?" என்றார் வீட்டுக்காரர், வாய் சும்மா இராமல்.

"ஏங்க!" என்றாள் அக்கா.

தம்பி பழைய தளத்திலேயே திருத்தினான். அவள் படித்து, கிளி, நாய் கேள்விகளை மறுபடி கேட்டு, ஒப்புதல் கொடுத்தாள். மஞ்சள் புள்ளி மறுபடியும் சுழன்றது. இந்தத் தடவை பச்சை. மறுநாள் காலை மருத்துவமனைக் கணினி, வழக்கம்போல் யாரையும் கேட்காமல், புதியதை எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டையோடு வந்தார். அவருடைய நிரல் அழகாக இருந்தது. போனையும் எடுத்தது. பூனைக்குட்டிக்கு ஊசி என்று சொன்னால் புரிந்துகொண்டது. ஆனால் பின்னால் கூண்டில் ஒரு நாய் குரைத்ததும், "மன்னிக்கவும், உங்கள் பெயரை மறுபடி சொல்ல முடியுமா?" என்று அதனிடம் மரியாதையாகக் கேட்டது. நாய் மறுபடி சொன்னது. அது மறுபடி கேட்டது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, இதுல ஏதாவது தப்பு வந்தா யாரைக் கூப்பிடறது?" என்றார்.

"எங்க உதவி எண் இருக்கு டாக்டர். எந்நேரமும்."

"இப்பக் கூப்பிடலாமா?"

கூப்பிட்டார்கள். இவர்கள் அழைப்பு மிகவும் முக்கியமானது என்று அது சொன்னது. ஒரு பூனைக்கு ஊசி போட்டு, கட்டு மாற்றி முடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

டாக்டர் அக்காவிடம் திரும்பினார். "உங்க வரிசையில தப்பு வந்தா யாரைக் கூப்பிடணும் அக்கா? உங்க வீட்டுக்காரரையா? அவர் போன் எடுக்க மாட்டாரே."

"என்னைத்தான் டாக்டர்."

"உங்களையா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். உறுப்பினர்கள்: மூன்று பேர். மூன்றாவது படத்தில் அவள், கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவிலிருந்து தம்பி வெட்டி ஒட்டியது, பக்கத்தில் யாருடைய முழங்கையோ தெரிய.

"நீங்க புரோகிராம்லாம் எழுதுவீங்களா அக்கா? சொல்லவே இல்லையே!"

"எழுத மாட்டேன் டாக்டர். நான் ஒப்புதல் கொடுக்கறவ. நான் சரின்னு சொன்னாத்தான் உள்ளயே போகும். நேத்து அந்தக் கிளி விஷயத்தைச் சரி பண்ணியாச்சு."

டாக்டர் சோதித்தே பார்த்தார். ஒரு முயலின் பெயரை அழித்தார். கீழே இருந்த ஆமையும் பூனையும் தங்கள் தங்கள் எண்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்காக மேலே ஏறின.

கம்பெனிக்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் தளம் மாறுவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. மூன்றாவது உறுப்பினர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இதற்கிடையில் குளியலறைக் குழாயை, அவள் கேட்காமலே, வீட்டுக்காரர் சரி செய்தார். பாத்திரம் கழுவுவது தம்பியின் பங்களிப்பு. இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் அவள் வாக்கு யார் பக்கம் விழும் என்பது பற்றி.

அடுத்த வாரம் ஒரு மதியம், டாக்டர் உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, ஆமைக்காரம்மாவுக்கு ஒரே மெசேஜ் ரெண்டு தடவை போயிருக்காம். என்னன்னு பாருங்களேன்."

அக்காவின் ஒரு காதில் போன், மடியில் யாரோ விட்டுப்போன பூனைக்கூடை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலை நிலைத்துவிட்ட ஆளுக்கு வரும் நிதானம் அவள் குரலில் வந்திருந்தது.

"அதைக் கொஞ்சம் பதிவு பண்ணிடுங்க டாக்டர். வாயால சொன்னா மறந்துரும்."

"எங்கக்கா பதிவு பண்றது?"

"முதல்ல ஒரு கணக்கு திறக்கணும். ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர். படிக்கட்டு எங்கெங்க இருக்குன்னு மட்டும் கேக்கும்."